நீர்க்கடுப்புக்கு என்ன குடிக்கலாம், என்ன சாப்பிடலாம்? வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

கோடைக்கால உடல்நலம் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் நிறையப் பேர் கேட்டிருப்பது நீர்க்கடுப்பு, யூரின் இன்ஃபெக்‌ஷன் பற்றித்தான், அதிலும் பெரும்பாலானவர்கள் "பெயர் போட வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை, சளி காய்ச்சல் மாதிரி இதுவும் ஒரு தொற்று. ஆனாலும் கேட்டபடி யார் பெயரும் போடவில்லை.

கேள்வி: டாக்டர், நான் ஒரு ஜவுளிக்கடையில் சேலை செக்‌ஷனில் வேலை செய்கிறேன். காலை 9.30-க்கு உள்ளே போனால் வெளியே வர இரவு 9 மணி. பாத்ரூம் மொட்டை மாடியில் இருக்கிறது, சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டுத்தான் போகணும். அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. இந்த வருடம் மூன்று தடவை இன்ஃபெக்‌ஷன் வந்துவிட்டது. அம்மா "உடம்புச் சூடு" என்று சொல்லி இளநீர் வாங்கித் தருகிறார். என்ன சாப்பிட்டால் திரும்ப வராது? (மதுரை வாசகி)

பதில்: தங்கச்சி, "தண்ணீரே குடிப்பதில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கால்வாசிக் காரணம்.

சிறுநீர்ப்பையில் தொற்றை உண்டாக்குவது பெரும்பாலும் ஈ-கோலை என்கிற பாக்டீரியா. அது நம் குடலிலேயே குடியிருக்கிறது, அங்கே இருக்கும்வரை தொல்லை இல்லை. ஆசனவாய்ப் பக்கமிருந்து சிறுநீர் வெளியேறும் குழாய்க்குள் ஏறிவிட்டால்தான் வம்பு. பெண்களுக்கு அந்தக் குழாயின் நீளம் சுமார் 4 செ.மீ., ஆண்களுக்குச் சுமார் 20 செ.மீ. பெண்களுக்கு ஏன் அடிக்கடி வருகிறது என்பதற்கு இந்த அளவே போதும், இதில் சுத்தக்குறைவு என்று யாரையும் குத்திக்காட்ட இடமில்லை. ஏறிவருகிற கிருமியை உடம்பு வெளியேற்றும் வழி சிறுநீர் கழிப்பதுதான். நீங்கள் குடிப்பதும் இல்லை, வந்ததை ஆறேழு மணி நேரம் அடக்கியும் வைக்கிறீர்கள், உள்ளே வந்த நாலு கிருமி நாலாயிரமாகப் பெருக அந்த நேரம் தாராளம்.

தண்ணீர் பற்றி நான் சும்மா சொல்லவில்லை. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது, பல்கேரியாவில் நடந்தது. அடிக்கடி இந்தத் தொற்று வருகிற, நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிக்கிற 140 பெண்களை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரை வழக்கமாகக் குடிப்பதற்கு மேல் தினமும் இன்னும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், மீதிப் பேர் எப்போதும் போல இருந்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், கூடுதலாகக் குடித்தவர்களுக்குச் சராசரியாக 1.7 தடவை தொற்று வந்திருந்தது, மற்றவர்களுக்கு 3.2 தடவை. கிட்டத்தட்டப் பாதி. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பாட்டில் தண்ணீர் விற்கிற ஒரு நிறுவனம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஆனால் இதற்குப் பாட்டில் தண்ணீர் தேவையில்லை, வீட்டில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரே போதும்.

எப்படிக் குடிப்பது? அரை லிட்டர் பாட்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். காலை டிபனிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குள் ஒன்று, மதியத்திலிருந்து சாயங்காலத்துக்குள் ஒன்று, அப்புறம் வீட்டுக்கு வந்து ஒன்று. இது நீங்கள் இப்போது குடிக்கிற கொஞ்சத்துக்கும் மேலே. கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கணும், ஒரே மூச்சில் ஒரு லிட்டரைக் கவிழ்த்தால் அரை மணியில் மாடிக்கு ஓட வேண்டியிருக்கும், அந்தப் பயத்திலேயே அடுத்த நாள் விட்டுவிடுவீர்கள். சிறுநீர் வெளிர்மஞ்சளாகப் போனால் அளவு சரி, கடுகு எண்ணெய் நிறத்தில் போனால் போதவில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையாவது போய்விட்டு வந்துவிடுங்கள், அவசரமாக வந்தாலும் வராவிட்டாலும்.

மொட்டை மாடி, சூப்பர்வைசர் எல்லாம் தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். இந்த நோயைப் பற்றி எழுதும்போது பார்லி, இளநீர் என்று எழுதிவிட்டு பாத்ரூமைப் பற்றி எழுதாமல் விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. நாள் முழுக்க நின்றபடியே வேலை செய்த கடைப் பெண்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்திருத்தம் வந்தது, அதுவும் அந்தப் பெண்கள் பல வருடம் சொல்லிச் சொல்லித்தான் வந்தது. பாத்ரூம் போக இடைவேளை கேட்பதும் அப்படித்தான், தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் உங்கள் செக்‌ஷனில் இருக்கிற நாலைந்து பேர் சேர்ந்து கேளுங்கள். பார்க்கிற டாக்டரிடம் "இவர் வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்கவும் சிறுநீர் கழிக்கவும் இடைவேளை தேவை" என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளலாம், நாங்கள் எழுதித் தருவோம். கடை நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: மாடியில் இருக்கிற கழிப்பறை போதாது, கீழ்த்தளத்திலும் ஒன்று கட்டுங்கள், தண்ணீர் கேனை கல்லாவுக்குப் பின்னால் வைக்காமல் ஆள் நிற்கிற இடத்தில் வையுங்கள்.

இன்னொன்று, வருடத்துக்கு மூன்று தடவை என்பது "அடிக்கடி வரும் தொற்று" என்ற கணக்கில் வந்துவிடுகிறது. அடுத்த முறை வந்தால் மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை போடாமல் டாக்டரைப் பார்த்து யூரின் கல்ச்சர் கொடுங்கள், என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கிற டெஸ்ட் அது. மாத்திரை போடுவதற்கு முன்பே கொடுக்கணும், போட்டபின் கொடுத்தால் கிருமி தெரியாமல் போகும்.

கேள்வி: எனக்கு நீர்க்கடுப்பு வந்தால் மாமியார் கால் கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவிவிடுவார், அப்புறம் பார்லித் தண்ணீர், வாழைத்தண்டு ஜூஸ், சிறுகண்பீளைக் கஷாயம், நெருஞ்சில் என்று வரிசையாகக் கொடுப்பார். சில தடவை உடனே கேட்கிறது, சில தடவை ஒன்றும் கேட்பதில்லை. இதெல்லாம் உண்மையா டாக்டர்? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: சில தடவை கேட்கிறது, சில தடவை கேட்பதில்லை என்று நீங்கள் கவனித்து எழுதியிருப்பது ரொம்ப முக்கியம். ஏனென்றால் நாம் நீர்க்கடுப்பு என்று சொல்வதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது.

அக்னி நட்சத்திர வெயிலில் அலைந்துவிட்டு, பஸ்ஸில் நாலு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் வந்தால் சிறுநீர் கெட்டியாகிவிடும். அது போகும்போதே எரியும். உள்ளே கிருமி எதுவும் இல்லை, நீர்ச்சத்துதான் குறைந்திருக்கிறது. நம் பெரியவர்கள் சூடு என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இதற்கு பார்லி, மோர், இளநீர், சீரகத் தண்ணீர், வெறும் தண்ணீர், எதைக் குடித்தாலும் சில மணி நேரத்தில் சரியாகிவிடும். கூடவே நகத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் பெயர் சுண்ணாம்புக்குப் போய்விடும்.

இன்னொன்று நிஜமான தொற்று. இதில் எரிச்சலோடு வேறு சங்கதிகளும் சேர்ந்து வரும். இப்போதுதான் போய்விட்டு வந்திருப்பீர்கள், உடனே திரும்பவும் முட்டும், போனால் நாலு சொட்டு. அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். சிறுநீர் கலங்கலாக, வாடையாக, சில சமயம் ரத்தம் கலந்து வரும். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் எரிச்சல் முழுதாகப் போகாது. சின்ன அளவில் வருகிற தொற்று சிலருக்குத் தானாகவே அடங்கிவிடுவதும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அடங்கும் என்று நம்பிக் காத்திருக்கிற நாட்களில் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறினால் குளிர்காய்ச்சல், விலாப்பக்கம் வலி, வாந்தி என்று ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டி வரும். இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே போகணும், கஷாயம் கொதிக்கட்டும் என்று உட்காரக்கூடாது.

இனி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பார்லித் தண்ணீர் நல்லது, நானே குடிக்கச் சொல்வேன். ஒரு கைப்பிடி பார்லியைக் கழுவி ஒரு லிட்டர் தண்ணீரில் மசியும்வரை கொதிக்கவிட்டு வடிகட்டி, துளி உப்பு, கொஞ்சம் மோர் சேர்த்தால் வயிற்றுக்கு இதமாக இருக்கும், பச்சைத்தண்ணீர் இறங்காதவர்களும் ரெண்டு டம்ளர் குடித்துவிடுவார்கள். அதன் பலன் அவ்வளவுதான், கிருமியை அது கொல்லாது. சர்க்கரை போட்டு எலுமிச்சை பிழிந்து சர்பத் மாதிரி ஆக்கிவிட வேண்டாம்.

வாழைத்தண்டை நான் ஜூஸைவிடப் பொரியலாகவே விரும்புகிறேன். நாரெடுத்து, மோரில் போட்டுவைத்து, பாசிப்பருப்பு சேர்த்துச் சமைத்தால் நார்ச்சத்து முழுதாகக் கிடைக்கும், மலச்சிக்கல் போகும். மலச்சிக்கலுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் சம்பந்தம் உண்டு, குழந்தை பற்றிய கேள்வியில் அதைச் சொல்கிறேன். ஜூஸ் குடித்துத் தொற்று போய்விடும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை.

சிறுகண்பீளை, உங்கள் ஊரில் பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற அதே பூளைப்பூச்செடி, நெருஞ்சில் இரண்டும் சித்த மருத்துவத்தில் நெடுநாளாகப் புழங்குகிற மூலிகைகள். சாப்பிட விருப்பம் இருந்தால் படித்த சித்த மருத்துவரிடம் போய் அளவு கேட்டுச் சாப்பிடுங்கள். ஓரத்தில் முளைத்ததைப் பிடுங்கிக் கொதிக்கவைத்து, ஏற்கெனவே பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கொடுப்பது சரியில்லை. கர்ப்பிணிகளுக்கு வேண்டவே வேண்டாம்.

சுண்ணாம்பு தடவுவதால் கெடுதல் இல்லை, பலனும் இல்லை. மாமியார் அன்பாகத் தடவிவிட்டால் தடவிக்கொள்ளுங்கள், ஆனால் கலங்கலாகவோ ரத்தமாகவோ போனால் அவரையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். எரிச்சல் போக ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கலந்து குடிக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. ஒரு டீஸ்பூன் சோடாவில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம். ரத்த அழுத்தம், இதயக்கோளாறு, சிறுநீரகக்கோளாறு இருப்பவர்களுக்கு இது ஆபத்து, மற்றவர்களுக்கும் தேவையில்லை.

கேள்வி: பெங்களூரில் இருக்கும் மகள் கிரான்பெர்ரி ஜூஸும் கேப்சூலும் அனுப்பியிருக்கிறாள். விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. இதைக் குடித்தால் தொற்று போய்விடுமா? நம்ம ஊர் களாக்காயும் கிரான்பெர்ரி என்று சொல்கிறார்களே, அதைச் சாப்பிட்டால் போதாதா? (சேலம் வாசகி)

பதில்: வந்த தொற்றைக் கிரான்பெர்ரி போக்காது. அடிக்கடி வருகிறவர்களுக்கு மறுபடி வருவதைக் கொஞ்சம் குறைக்கும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் "குடித்தேன், கேட்கவில்லை" என்கிறார்கள்.

கிரான்பெர்ரியில் இருக்கும் ஒருவகைத் துவர்ப்புச் சத்து, ஈ-கோலை சிறுநீர்ப்பைச் சுவரில் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிறது, ஒட்டாத கிருமி சிறுநீரோடு போய்விடும். ஏற்கெனவே ஒட்டிப் பெருகிவிட்டதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. 2023-இல் 50 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 9,000 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். அடிக்கடி தொற்று வருகிற பெண்களுக்கு வாய்ப்பு சுமார் கால் பங்கு குறைந்தது, குழந்தைகளுக்குப் பாதிக்கு மேல் குறைந்தது. முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பலன் தெரியவில்லை.

ஆக, உங்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை வருவதாக இருந்தால் அந்தக் காசுக்குப் பழமும் காயும் வாங்கலாம். அடிக்கடி வருகிறது, மகளும் அனுப்புகிறாள் என்றால் கேப்சூலைச் சாப்பிட்டுப் பாருங்கள். ஜூஸ் டப்பாவைத் திருப்பி சர்க்கரை அளவைப் படியுங்கள், பலவற்றில் பழச்சாறு குறைவு, இனிப்புதான் அதிகம். வார்ஃபரின் என்கிற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிரான்பெர்ரி பக்கம் போகக்கூடாது.

களாக்காய் வேறு செடி, வேறு குடும்பம். ஆய்வுகள் எல்லாம் வட அமெரிக்காவில் விளைகிற கிரான்பெர்ரியில் நடந்தவை, அந்தப் பலன் களாக்காய்க்கும் உண்டு என்று சொல்ல முடியாது. ஊறுகாய்க்கு அருமையான காய், அதற்காகச் சாப்பிடுங்கள்.

தொற்று வராமல் தடுக்கும் என்று விற்கிற டி-மேனோஸ் என்கிற ஒருவகைச் சர்க்கரைப் பொடி பற்றியும் ரெண்டு பேர் கேட்டிருந்தார்கள். இங்கிலாந்தில் சுமார் 600 பெண்களுக்கு ஆறு மாதம் தினமும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2024-இல் வந்தது, சும்மா இனிப்புப் பொடி சாப்பிட்டவர்களுக்கும் இதைச் சாப்பிட்டவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

கேள்வி: எனக்கு 56 வயது, 12 வருடமாகச் சர்க்கரை நோய். சமீபத்தில் டாக்டர் புது மாத்திரை கொடுத்தார், அதிலிருந்து அடிக்கடி சிறுநீர் போகிறது, அந்த இடத்தில் அரிப்பும் எரிச்சலும் இருக்கிறது. தினமும் ரெண்டு இளநீர் குடித்தும் குறையவில்லை. (திருச்சி வாசகி)

பதில்: அம்மா, அந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று இருந்தால் விஷயம் புரிந்துவிடும். இந்த வகை மாத்திரைகள் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன, ஒரு நாளைக்கு 50 கிராமுக்கு மேலும் போகலாம். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்கிற மருந்து, இப்போது விலையும் குறைந்துவிட்டதால் நிறையப் பேருக்கு எழுதுகிறோம். ஆனால் அந்தச் சர்க்கரை பிறப்புறுப்பில் பட்டுப் பட்டுப் பூஞ்சைத் தொற்று வருவது இதில் தெரிந்த பக்கவிளைவு. அரிப்பு முக்கியமாக இருந்தால், வெள்ளையாகத் தயிர்த்திட்டு மாதிரி பட்டால், அது பூஞ்சையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதற்கு ஆன்டிபயாடிக் போட்டால் கூடும், குறையாது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடம் போய் இந்த வாரமே சொல்லுங்கள், க்ரீமிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். ஒவ்வொரு முறை போனபிறகும் வெறும் தண்ணீரால் கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்துவிடுங்கள், டெட்டால், வாசனை சோப்பு எதுவும் வேண்டாம்.

நாள் முழுக்கப் பட்டினி விரதம் இருப்பதாக இருந்தால் இந்த மாத்திரையோடு அது ஒத்துவராது, முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள்.

இளநீரை நிறுத்திவிட்டுத் தண்ணீருக்கும் நீர்மோருக்கும் வாருங்கள். இளநீரிலும் சர்க்கரை இருக்கிறது. அதைவிட முக்கியம் பொட்டாசியம், ஒரு டம்ளரில் சுமார் 500 மில்லிகிராம். 12 வருட சுகரில் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்று கிரியாட்டினின் என்கிற ரத்தப் பரிசோதனையில் பார்த்தபிறகுதான் இளநீரைப் பற்றிப் பேச முடியும். டெல்மிசார்ட்டான் மாதிரி பிரஷர் மாத்திரையும் சாப்பிட்டால் பொட்டாசியம் இன்னும் ஏறும்.

கேள்வி: ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார்கள். மாத்திரையோடு எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது? மாத்திரை போட்டதும் சிறுநீர் காபி கலரில் போகிறது, பயமாக இருக்கிறது. (நாகர்கோவில் வாசகி)

பதில்: எந்த மாத்திரை என்று எழுதவில்லை, காபி நிறத்தை வைத்துப் பார்த்தால் நைட்ரோஃபுரான்டாயின் என்று தோன்றுகிறது. அதில் சிறுநீர் பழுப்பாகப் போவது சகஜம், மருந்து முடிந்ததும் போய்விடும். அட்டையில் வேறு பெயர் இருந்தால் மட்டும் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

நைட்ரோஃபுரான்டாயினைச் சாப்பாட்டோடு சாப்பிடணும், வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சாப்பாட்டோடு போட்டால் மருந்தும் நன்றாக உடம்பில் சேரும். ரெண்டு இட்லியோ தயிர்சாதமோ சாப்பிட்டுப் போட்டால் போதும். கூடவே எரிச்சலுக்கென்று மருந்துக்கடையில் சிட்ரேட் சிரப் ஒன்று கொடுப்பார்கள், தண்ணீரில் கலந்து குடிப்பது. அது சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்துவிடும், நைட்ரோஃபுரான்டாயின் அமிலச் சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும். அதனால் ரெண்டையும் சேர்த்து டாக்டர் எழுதியிருந்தால் ஒழிய நீங்களாக அந்தச் சிரப்பை வாங்கிக் குடிக்காதீர்கள்.

சிப்ரோஃப்ளாக்சசின் வகை என்றால் கதை மாறும். பால், தயிர், கால்சியம் மாத்திரை, இரும்பு மாத்திரை, ஆன்டாசிட் இவற்றோடு அதைப் போட்டால் குடலிலேயே பிடித்துவைத்துக்கொண்டு மருந்து ரத்தத்துக்குப் போகாது. தண்ணீரில் போட்டுவிட்டு ரெண்டு மணி நேரம் கழித்துப் பால் குடிக்கலாம். ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை சாப்பிடுகிற பெண்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்கணும், "மாத்திரை போட்டும் கேட்கவில்லை" என்பதில் சில இந்தக் காரணத்தால்தான்.

எரிச்சல் பெரும்பாலும் ரெண்டு மூன்று நாளிலேயே நின்றுவிடும். உடனே மீதி மாத்திரையை டப்பாவில் போட்டுவைத்து, அடுத்த தடவை நாத்தனாருக்குக் கொடுப்பது, பழைய சீட்டைக் காட்டி அதையே வாங்குவது, இதெல்லாம் வேண்டாம். 5 நாள் என்றால் 5 நாள். நம் நாட்டில் ஈ-கோலை பல மருந்துகளுக்கு ஏற்கெனவே அடங்குவதில்லை, போன வருடம் கேட்ட மாத்திரை இந்த வருடம் கேட்காமல் போவதை நாங்கள் தினமும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் பார்க்கிறோம்.

கேள்வி: மகள் 5 மாதக் கர்ப்பம். லேசாக எரிச்சல் என்கிறாள். பார்லி கொடுத்துப் பார்க்கலாமா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: பார்லி கொடுங்கள், கொடுத்துவிட்டு இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். "கொடுத்துப் பார்க்கலாம்" என்று ரெண்டு நாள் தள்ளுவது கர்ப்ப காலத்தில் கூடாது. தொற்று சிறுநீரகத்துக்கு ஏறுவது இப்போது சுலபம், அப்படி ஏறினால் குறைமாதப் பிரசவம் வரை போகலாம். எரிச்சலே இல்லாமல் கிருமி மட்டும் இருந்தால்கூட கர்ப்பிணிகளுக்கு மருந்து கொடுப்போம், அதனால்தான் செக்கப்பில் யூரின் டெஸ்ட் எடுக்கிறோம். கர்ப்ப காலத்தில் கொடுக்கக்கூடிய பாதுகாப்பான ஆன்டிபயாடிக்குகள் இருக்கின்றன, பயப்படவேண்டாம்.

கேள்வி: வயது 63. தண்ணீர் நன்றாகக் குடிக்கிறேன், காரம் குறைத்துவிட்டேன், ஆனாலும் ரெண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. உணவில் வேறு என்ன மாற்றணும்? (புதுச்சேரி வாசகி)

பதில்: உணவில் மாற்ற ஒன்றும் இல்லை அம்மா, நீங்கள் சரியாகத்தான் இருக்கிறீர்கள். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் குறைகிறது, பிறப்புறுப்பின் உள்தோல் மெலிந்து வறண்டுபோகிறது, அங்கே காவலாக இருந்த நல்ல பாக்டீரியாக்களும் குறைந்துவிடுகின்றன. அந்த இடத்தில் தடவுகிற ஈஸ்ட்ரோஜன் க்ரீம் மறுபடி மறுபடி வருவதை நன்றாகக் குறைக்கும். பெண்கள் நல மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள், இந்த வயதில் இதைப் போய்க் கேட்பதா என்று கூச்சப்பட்டே எத்தனையோ பேர் வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அதை முதலில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது, இதயம் பலவீனம், ஒரு நாளைக்கு ஒன்றேகால் லிட்டர்தான் தண்ணீர் என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது யூரின் இன்ஃபெக்‌ஷன். நிறையக் குடிக்கச் சொல்லலாமா? (விழுப்புரம் வாசகர்)

பதில்: கூடாது தம்பி. இதய டாக்டர் சொன்ன அளவுதான் அளவு. மேலே சொன்ன தண்ணீர்க் கணக்கெல்லாம் இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருப்பவர்களுக்கு. ஆண்களுக்கு இந்தத் தொற்று வந்தாலே காரணம் தேடவேண்டும், இந்த வயதில் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர் முழுதாக வெளியேறாமல் தங்குகிறதா என்று ஒரு ஸ்கேனில் பார்த்துவிடலாம்.

கேள்வி: 7 வயது மகளுக்கு இந்த வருடம் ரெண்டாவது தடவை. ஸ்கூலுக்குக் கொடுத்துவிடும் தண்ணீர் பாட்டில் அப்படியே திரும்பி வருகிறது. மலம் போவதும் மூன்று நாளைக்கு ஒருமுறைதான். (ஈரோடு வாசகி)

பதில்: மூன்று நாளைக்கு ஒருமுறை என்பதை முதலில் சரிசெய்யணும். மலக்குடல் நிரம்பி இறுகிக் கிடந்தால் முன்னால் இருக்கிற சிறுநீர்ப்பையை அழுத்தும், குழந்தை போனாலும் முழுதாக வெளியேறாது, மிச்சம் தங்குகிற சிறுநீரில் கிருமி வளரும். மலச்சிக்கலைக் கவனித்தாலே பல குழந்தைகளுக்குத் தொற்று வருவது நின்றுவிடுகிறது. காலையில் பிஸ்கட், பால் என்று அனுப்பாமல் கேழ்வரகு, கம்பு தோசை, சாம்பாரில் காய், சாயங்காலம் கொய்யாவோ பப்பாளியோ, ராத்திரி கீரையோ அவரையோ ஏதாவது ஒன்று. பால் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் குறையுங்கள், வயிறு பாலிலேயே நிரம்பிவிட்டால் காய் எங்கே இறங்கும். சாப்பிட்டதும் பத்து நிமிடம் கழிப்பறையில் உட்காரவைத்துப் பழக்குங்கள், கால் தொங்காமல் ஒரு முக்காலி போடுங்கள்.

பாட்டில் ஏன் திரும்பி வருகிறது என்று திட்டாமல் கேட்டுப்பாருங்கள். "டாய்லெட் நாறும்மா", "கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல", "மிஸ் விடமாட்டாங்க", இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் பதிலாக வரும். கேரளத்தில் 2019-இலேயே தண்ணீர் குடிக்க என்று தனியாக மணி அடிக்க ஆரம்பித்தார்கள், தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் அந்த "வாட்டர் பெல்" வந்திருக்கிறது. உங்கள் பள்ளியில் அடிக்கிறார்களா என்று கேளுங்கள், அடித்தபிறகு பாத்ரூம் போக விடுகிறார்களா என்றும் சேர்த்துக் கேளுங்கள், ஏனென்றால் போக வழியில்லாமல் எந்தக் குழந்தையும் குடிக்காது.

ரெண்டாவது தடவை என்பதால் குழந்தை நல மருத்துவரைப் பார்த்து அல்ட்ராசவுண்ட் தேவையா என்று கேட்டுவிடுங்கள். காய்ச்சலோடு வந்தால் அன்றைக்கே போகணும்.

கேள்வி: காபி, காரம், புளி எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார்கள். காபி இல்லாமல் என்னால் முடியாது. (கும்பகோணம் வாசகி)

பதில்: காபியால் தொற்று வராது. ஆனால் தொற்று இருக்கும்போது சிறுநீர்ப்பை புண்பட்டுக் கிடக்கிறது, காஃபின் அதை இன்னும் உசுப்பி அடிக்கடி ஓடவைக்கும். மருந்து சாப்பிடுகிற அந்த நாலைந்து நாள் மட்டும் காலையில் ஒரே ஒரு டபரா, டிகாக்‌ஷன் குறைத்து, அதுபோதும். கோலா, சோடா, மது அந்த நாட்களில் வேண்டாம். காரமும் புளியும் சிலருக்கு எரிச்சலைக் கூட்டும், சிலருக்கு ஒன்றும் செய்யாது. ரசம் சாப்பிட்டுப் பாருங்கள், எரிந்தால் நாலு நாள் நிறுத்திவிட்டுப் பருப்பு சாதம், மோர்சாதம், இட்லி, சுரைக்காய்க் கூட்டு என்று ஓட்டுங்கள், எரியாவிட்டால் தாராளமாகச் சாப்பிடுங்கள். சரியானபிறகு பழையபடி காபி குடிக்கலாம். அப்போதும் ஒவ்வொரு காபிக்கும் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிடுங்கள்.